6 கிலோ, 6 வயதுப் பெண் நாய், பெயர் முறுக்கு – வீடு தேடுகிறாள் (சென்னை, மடிப்பாக்கம்)

மொட்டைமாடி | ஜனவரி 20, இரவு 9:12

முதலில் இவளுடைய குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு அப்புறமும் ஆர்வம் இருந்தால் மேலே படியுங்கள்.

ஆள் இருந்தால் சாப்பிட மாட்டாள். சில்வர் தட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டதும் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். நாம் அறையை விட்டு வெளியே போன பிறகுதான் தட்டுப் பக்கம் வருவாள். படி ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. தூக்கினால் உடம்பு கட்டை மாதிரி விறைத்துப்போகும். கழுத்தில் பட்டை இறுகினால் வாத்து கத்துவது போல ஓர் இருமல் வரும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விடுகிறாள். இரண்டு பல் கிடையாது, சொத்தை என்று டாக்டர் எடுத்துவிட்டார்.

இனி கதை. டிசம்பர் முதல் வாரம், டிட்வா புயலின் மிச்சம் சென்னை மேல் நின்று ஊற்றிய நாட்கள். எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நின்ற ஆட்டோவுக்கு அடியில் நனைந்து ஊறிப்போன அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே இவள். முதலில் பார்த்தவர் வாட்ச்மேன் அண்ணன். முடியெல்லாம் சடை பிடித்து, காதுக்குள் மிளகு கொட்டியது போல உண்ணி. வால் மட்டும் முதுகின் மேல் அழகாகச் சுருண்டிருந்தது. "முறுக்கு மாதிரி இருக்கு பாருங்கம்மா" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

அன்றைக்கு 4.3 கிலோ. மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்தார்கள், இல்லை. ரத்தத்தில் டிக் ஃபீவர் (உண்ணிக் காய்ச்சல்), தட்டணுக்கள் 54 ஆயிரம். டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்து, இப்போது 2.4 லட்சத்துக்கு வந்துவிட்டது. கருத்தடை அறுவை ஆயிற்று, தையல் இன்றைக்குத்தான் பிரித்தார்கள். ரேபிஸ் ஊசியும் நைன்-இன்-ஒன் கூட்டுத் தடுப்பூசியும் போட்டாயிற்று. இன்று காலை எடை சரியாக 6 கிலோ. வெள்ளை உடம்பு, காது இரண்டும் பிஸ்கட் நிறம்.

மாமியாருக்கு வீசிங் இருப்பதால் நான் வைத்துக்கொள்ள வழியில்லை. ஒன்றரை மாதமாக என் அறையிலும் பால்கனியிலும் காலம் தள்ளுகிறாள். பணம் எதுவும் வேண்டாம். சென்னையும் சுற்றுவட்டாரமும் மட்டும். வீட்டை ஒருமுறை வந்து பார்ப்பேன், தப்பாக நினைக்கக் கூடாது. பத்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தர மாட்டேன். சங்கிலி போட்டுக் கட்டி வைக்கக் கூடாது.

---

பட்டாசு_பாலு | ஜனவரி 20, இரவு 9:20

குட்டி இருக்கா? விலை என்ன?

---

மொட்டைமாடி | ஜனவரி 20, இரவு 9:26

குட்டி இல்லை. விலையும் இல்லை.

---

பட்டாசு_பாலு | ஜனவரி 20, இரவு 9:31

நண்பன்கிட்ட ஆண் பாம் (பொமரேனியன்) ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு ஈத்து எடுத்துட்டுத் திருப்பித் தந்துடறோம். உங்களுக்கும் ஒரு குட்டி.

---

மொட்டைமாடி | ஜனவரி 20, இரவு 9:33

சார், கருத்தடை ஆகிவிட்டது என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

---

வேப்பேரி_மாணவன் | ஜனவரி 20, இரவு 10:05

அக்கா, நான் கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு. டாக்டர் ஆகவில்லை, அதனால் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி. அவளுடைய மடிக்காம்பு எப்படி இருக்கிறது? பாதம் எப்படி? நகம்?

---

மொட்டைமாடி | ஜனவரி 20, இரவு 10:21

காம்பெல்லாம் நீண்டு தொங்குகிறது தம்பி. நகம் வளைந்து சதைக்குள் போயிருந்தது, வெட்டும்போது ரத்தம் வந்தது. விரல்கள் அகலமாக விரிந்திருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. என் அறையில் அவ்வளவு இடம் இருந்தும் இரண்டு டைல்ஸ் அகலத்துக்குள்ளேயே வட்டமாகச் சுற்றுகிறாள். எப்போதும் இடப்பக்கமாகத்தான். முதல் வாரம் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து வீடியோ எடுத்து வைத்திருந்தேன்.

---

வேப்பேரி_மாணவன் | ஜனவரி 20, இரவு 10:40

விளையாட்டு இல்லை அக்கா. கூண்டில் வருஷக்கணக்காக இருந்த நாய்கள் அப்படிச் சுற்றும். கம்பித் தரையில் நின்றே இருந்தால் விரல் அப்படி விரியும். குட்டி போட வைத்திருந்த நாய் போலத் தெரிகிறது. ஆறு வயதானால் குட்டி எண்ணிக்கை குறைந்துவிடும், பிரசவச் சிக்கல் கூடும், வைத்திருப்பவருக்குச் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் மிச்சம். ஊகம்தான், ஆனால் எல்லாக் குறியும் அந்தப் பக்கம்தான் காட்டுகிறது.

பாலு அண்ணனுக்கும் ஒரு தகவல். நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் பிரீடிங் செய்யக் கூடாது. ஒரு பெண் நாய்க்கு வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. நண்பரிடமும் சொல்லிவையுங்கள்.

---

குறுக்குச்சால் | ஜனவரி 21, காலை 6:48

ஒரு குறுக்குக் கேள்வி, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதே மழையில் அதே தெருவில் நாட்டு நாய்கள் பத்தாவது நனைந்திருக்கும். அதில் ஒன்றுக்காவது இப்படி ஒரு பதிவு இழை திறந்தோமா? வெள்ளை முடி, சுருண்ட வால் என்றதும் இருபது பேர் ஓடி வருகிறோம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் பெருமை என்று மேடையில் பேசிவிட்டு, தெரு நாய் என்றால் கல்லெடுக்கிறோம்.

---

மொட்டைமாடி | ஜனவரி 21, காலை 8:15

கேள்வி நியாயம்தான். மறுக்க மாட்டேன். எங்கள் தெருவில் நாட்டு நாய்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், நானும் வாட்ச்மேன் அண்ணனும்தான் சோறு போடுகிறோம். எல்லோருக்கும் மாநகராட்சியில் கருத்தடை செய்து, அதற்கு அடையாளமாகக் காது நறுக்கியிருக்கிறது. அவர்களுக்கு அந்தத் தெருதான் வீடு. எந்த ஆட்டோ எப்போது கிளம்பும், எந்த வீட்டு மாமா தண்ணீர் ஊற்றுவார் என்பதெல்லாம் அத்துப்படி. இவளுக்கு ஆட்டோவுக்கு அடியிலிருந்து எழுந்து ஓடக்கூடத் தெரியவில்லை, சார். டிரைவர் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தபோதும் பெட்டிக்குள்ளேயே இருந்தாள். அதனால்தான் தூக்கிவந்தேன். வெள்ளை முடி என்பதால் இந்த இழைக்குக் கூட்டம் வருகிறது என்பதும் உண்மை.

---

மஞ்சள்பை | ஜனவரி 21, காலை 10:02

சட்டப்படி நாயைக் கைவிடுவதும் குற்றம்தானே? மிருகவதைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே.

---

குறுக்குச்சால் | ஜனவரி 21, காலை 10:30

இருக்கிறது, 1960-ஆம் வருடச் சட்டம். 11-வது பிரிவில் கைவிடுவதும் வருகிறது. முதல் தடவை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. சென்னையில் நாய் வளர்க்க உரிமம் எடுக்கவும் ஐம்பது ரூபாய். வளர்த்தாலும் ஐம்பது, தெருவில் விட்டாலும் ஐம்பது. இப்போது உரிமம் இல்லையென்றால் மட்டும் ஐயாயிரம். கணக்குத் தெரிந்த ஆள் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

---

கல்கண்டு78 | ஜனவரி 21, மதியம் 1:17

இப்படியே பேசிக்கொண்டு போனால் இவள் தொலைந்துபோன வீட்டு நாயாக இருந்தால் என்ன செய்வது? அங்கே யாராவது அழுதுகொண்டு தேடலாம். தேடிப் பார்த்தீர்களா மேடம்?

---

மொட்டைமாடி | ஜனவரி 21, மதியம் 2:40

மூன்று வாரம் தேடினேன். கம்பங்களிலும் டீக்கடையிலும் நோட்டீஸ், நான்கு கிளினிக்கில் படம், வாட்ஸ்ஆப் குழு எத்தனை என்று கணக்கே இல்லை. வேளச்சேரியிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் மட்டும் வந்தார்கள். தொலைந்தது ஆண் நாயாம், பதினோரு வயதாம். போனிலேயே சொல்லியிருந்தேன், பெண் நாய் என்று. "தெரியும்மா, ஒருதடவை பார்த்துட்டுப் போறோம்" என்று வந்தார்கள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. கிளம்பும்போது கொண்டுவந்த பாரிஜாத நிறப் பழைய போர்வையை விட்டுவிட்டுப் போனார். அதில்தான் படுக்கிறாள்.

---

ராஜாவீடு_மதுரை | ஜனவரி 22, இரவு 7:55

வணக்கம். மதுரையில் தனி வீடு, தோட்டம் உண்டு. நாயை ரயிலில் கூட்டிப் போகலாம்தானே? நானே வந்து அழைத்துப் போகிறேன்.

---

மஞ்சள்பை | ஜனவரி 22, இரவு 8:20

முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூப்பேயோ நான்கு பேர் கேபினோ முழுதாக நம் பெயரில் இருந்தால் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி. பார்சல் ஆபீசில் போய் முன்னாலேயே புக் செய்ய வேண்டும், ஊசி போட்ட சான்றும் கேட்பார்கள்.

---

மொட்டைமாடி | ஜனவரி 22, இரவு 9:03

மதுரைக்காரரே, கேட்டதற்கு நன்றி. கூண்டிலிருந்து வந்தவளை ராத்திரி முழுக்க ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து அனுப்ப மனம் வரவில்லை. வீட்டை நான் வந்து பார்ப்பதும் நடக்காது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

---

பால்கனிப்_பூ | ஜனவரி 23, காலை 11:11

எனக்கு ரொம்ப ஆசை அக்கா. ஆனால் எங்கள் அசோசியேஷன் "நாய் கூடாது" என்று தீர்மானமே போட்டிருக்கிறது. சொந்த வீடுதான்.

---

குறுக்குச்சால் | ஜனவரி 23, காலை 11:40

சொந்த வீடு என்றால் அந்தத் தீர்மானம் செல்லாது. சங்கங்கள் வளர்ப்பு விலங்குக்குத் தடை போட முடியாது, பெரும்பான்மை ஓட்டு வாங்கினாலும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அசிங்கம் செய்தால் அள்ள வேண்டியது நம் கடமை, அது தனி. வாடகை வீடு என்றால் மட்டும் ஓனரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையை நம்பி நாயை எடுத்துவிட்டு மூன்றாம் மாதம் வந்து நிற்கிற கதை நிறையப் பார்த்தாயிற்று.

---

பால்கனிப்_பூ | ஜனவரி 23, மதியம் 12:05

செல்லாது என்று தெரிந்தாலும் தினம் லிஃப்டில் சண்டை போடத் தெம்பு இல்லை சார். 😔

---

மொட்டைமாடி | பிப்ரவரி 1, மாலை 6:30

நல்ல செய்தி. முறுக்கு இன்று ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறாள், இரண்டு வாரம் பரீட்சார்த்தமாக. அருமையான குடும்பம். ஆறு வயதுப் பையன் இருக்கிறான், ஆனால் ரொம்ப அமைதியான பிள்ளை. என் நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

---

வேப்பேரி_மாணவன் | பிப்ரவரி 1, மாலை 7:02

வாழ்த்துகள் அக்கா. மீட்பு வேலை செய்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று சொல்வார்கள். முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்காலம் பிடிபடும், சொந்த வீடு என்று நம்ப மூன்று மாதமாகும். அது வரைக்கும் பையனை அவளிடம் போக விடாமல், அவள் வந்தால் மட்டும் தொடச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டை வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாய் மென்மையாக இருக்கும் சின்ன நாய்களுக்கு மார்பில் மாட்டும் ஹார்னஸ்தான்.

---

மொட்டைமாடி | பிப்ரவரி 9, இரவு 10:48

திரும்பி வந்துவிட்டாள்.

சோபாவுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தவளைப் பையன் பின்னங்காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறான். கையில் கவ்விவிட்டாள். ஆழமில்லை, ஆனால் தோல் கிழிந்து ரத்தம். உடனே குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி ஆரம்பித்துவிட்டார்கள், இலவசம்தான். இன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். முறுக்குக்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறது என்று அதை விடவில்லை, விடவும் கூடாது. இவளையும் பத்து நாள் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. பையனின் அம்மா போனில் அழுதார். ஆறு வயதுப் பிள்ளை தூங்கும் நாயை இழுக்கத்தான் செய்யும். பத்து வயது என்று நானே எழுதி, நானே அழித்தேன். நல்ல மனிதர்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு அவசரம் வந்துவிட்டது. காலி செய்து கொடுத்தால் போதும் என்கிற அவசரம். வேறென்ன.

வந்தது முதல் மறுபடி இரண்டு டைல்ஸ். சாப்பிடவில்லை.

---

கல்கண்டு78 | பிப்ரவரி 9, இரவு 11:15

கடிக்கிற நாயை இனி யார் எடுப்பார்கள்? இதை வெளியில் சொல்லாமல் இருந்திருக்கலாம் மேடம்.

---

மொட்டைமாடி | பிப்ரவரி 9, இரவு 11:22

சொல்லாமல் கொடுத்தால் அடுத்த வீட்டில் என்ன நடக்கும் மேடம்? முதல் பதிவிலும் சேர்த்துவிடுகிறேன்: "தூக்கத்தில் இழுத்தால் கவ்வுவாள்."

---

ஓய்வு_2019 | பிப்ரவரி 10, அதிகாலை 5:05

வணக்கம் அம்மா. இந்தத் தளத்தில் படிப்பேனே தவிர எழுதியதில்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நங்கநல்லூரில் நானும் மனைவியும் மட்டும். தரைத்தளம், வாசலில் மூன்று படி. பேரப் பிள்ளைகள் வெளிநாட்டில், வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள், பெரியவர்கள். சில விவரங்கள் தேவை.

அந்த இருமல் ராத்திரியில் வருமா, நடக்கும்போது மட்டுமா? ஒரு தடவைக்கு எத்தனை நிமிஷம் நீடிக்கும்? எந்தப் பக்கச் சுவரைப் பார்த்து உட்காருவாள்: கதவு தெரியும் பக்கமா, தெரியாத பக்கமா? வீட்டுக்குள் ஒன்றுக்குப் போவது எந்த நேரத்தில்? இடி, பட்டாசுக்கு எப்படி? எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. இவள் இன்னும் எட்டு, ஒன்பது வருஷம் இருப்பாள் என்று வைத்துக்கொண்டால் எங்களுக்குப் பிறகு யார் என்பதும் கேள்வி. என் தங்கை மகள் பழவந்தாங்கலில் இருக்கிறாள், அவளிடம் பேசி எழுத்தில் வாங்கித் தருகிறேன்.

---

மொட்டைமாடி | பிப்ரவரி 10, காலை 7:40

ஐயா, இருபத்தொரு நாளில் எழுபது பேருக்குமேல் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். எந்தச் சுவர் என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

கதவு தெரியாத பக்கம். இருமல் நடக்கும்போது மட்டும், அரை நிமிஷம். ராத்திரி வந்ததில்லை. ஒன்றுக்குப் போவது அதிகாலை நான்கு, நாலரைக்கு, நான் எழுந்திருக்கத் தாமதமானால். பட்டாசு தெரியவில்லை, தீபாவளிக்குப் பிறகு வந்தவள். இடிக்குப் போர்வைக்குள் போய்விடுவாள்.

---

ஓய்வு_2019 | பிப்ரவரி 10, காலை 7:52

நாலரைக்கு நான் எழுந்துவிடுவேன். முப்பத்தாறு வருஷப் பழக்கம்.

---

குறுக்குச்சால் | பிப்ரவரி 10, காலை 8:10

ஐயாவுக்கு ஒரு வணக்கம். தீபாவளி அன்றைக்குக் கதவு ஜன்னல் சாத்தி, உள் அறையில் டிவி போட்டு, கூடவே ஒரு ஆள் இருங்கள். அன்று மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள்தான் அதிகம். அதற்குள் சிப்பும் உரிமமும் உங்கள் பெயரில் ஆகிவிட வேண்டும்.

---

வேப்பேரி_மாணவன் | பிப்ரவரி 10, காலை 9:30

ஐயா, வெங்காயம், திராட்சை, சாக்லேட் வேண்டாம். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். தயிர்சாதம் கொடுக்கலாம், டாக்ஸிசைக்ளின் முடிந்துவிட்டதே. மறுபடி அந்த மாத்திரை வந்தால் மட்டும் பால், தயிரோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், மருந்து சரியாக உடம்பில் சேராது. உண்ணி மருந்தை மாதம் தவறாமல் போடுங்கள். ஒருதடவை வந்த டிக் ஃபீவர் மறுபடி வராது என்று இல்லை.

---

மொட்டைமாடி | பிப்ரவரி 22, மாலை 5:15

பத்து நாள் கவனிப்பு முடிந்து, அந்தப் பையனும் நலம் என்று கேட்டுக்கொண்டு, இன்று நங்கநல்லூரில் விட்டுவந்தேன். வீட்டில் ஐயா செய்திருந்த ஒரே ஏற்பாடு: வாசல் மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைச் சாய்த்து, வழுக்காமல் இருக்கச் சாக்கு ஒட்டியிருந்தார். அம்மா கதவு தெரியாத மூலையில் அந்தப் பழைய போர்வையை விரிக்க இடம் ஒதுக்கியிருந்தார்.

நான் கிளம்பும்போது முறுக்கு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு டைல்ஸில் சுற்றிக்கொண்டிருந்தாள். தெருமுனை வரை வந்து அழுதேன், வேறு விஷயம்.

---

ஓய்வு_2019 | மார்ச் 29, அதிகாலை 4:50

அம்மா, தகவலுக்காக.

வீட்டுக்குள் ஒன்றுக்குப் போவது மார்ச் 3-க்குப் பிறகு இல்லை. எடை 6.2. பலகையில் இறங்குகிறாள், ஏறுவதற்கு இன்னும் என் கை வேண்டியிருக்கிறது. வட்டம் நிற்கவில்லை, ஆனால் அகலமாகியிருக்கிறது. நேற்று எண்ணினேன், ஐந்து டைல்ஸ்.

சாப்பாட்டு விஷயத்தில் என் மனைவி ஒரு வழி செய்தாள். தட்டைச் சத்தம் வராமல் துணி மேல் வைத்துவிட்டு, வெளியே போகாமல், முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்வாள். முதல் வாரம் பயனில்லை. அப்புறம் முதுகுக்குப் பின்னால் நக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நேற்று ராத்திரி கீரை இல்லை, மறதியில் தட்டை வைத்துவிட்டு மனைவி நேராகவே நின்றிருக்கிறாள். முறுக்கு ஒருதடவை இவளைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டாளாம். என்னை எழுப்பிச் சொன்னாள்.

---

மொட்டைமாடி | மார்ச் 29, காலை 6:02

வாட்ச்மேன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன் ஐயா. ஐந்து டைல்ஸா என்று இரண்டு தடவை கேட்டார்.

நிர்வாகி அவர்களே, தலைப்பில் "வீடு கிடைத்தது" என்று சேர்த்துவிடுங்கள்.

---

அண்ணாநகர்_ஆனந்த் | ஏப்ரல் 17, இரவு 11:36

பொமரேனியன் குட்டி இன்னும் இருக்கா? விலை?